கூலன்டில் ஒயில் கலந்திருக்கிறதா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில் பால்தேநீர் நிறத்தில் கூழ் தெரிந்தால், திருகோணமலையில் எந்தக் கராஜிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஹெட் கஸ்கட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்." ஹெட் கஸ்கட் என்பது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) சிலிண்டருக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கீழே உள்ள சோதனைகளை முடிக்காமல் யாரையும் எஞ்சினில் ஸ்பனர் வைக்க விடாதீர்கள். சீடி100, டியோ போன்ற காற்றால் குளிரும் வண்டி வைத்திருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு ரேடியேட்டரே இல்லை.

முதல் வேலை மாதிரி எடுப்பது. வண்டி இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். வடிகால் போல்ட்டைக் கழற்றாதீர்கள். ஒயில் மேலேதான் மிதக்கும், கீழிருந்து வருவது ஏமாற்றும். பாமசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சும் ஒரு துண்டு மெல்லிய குழாயும் போதும். ரேடியேட்டரின் மேற்பகுதியிலிருந்து கொஞ்சமும், பக்கத்துச் சேமிப்புத் தொட்டியிலிருந்து கொஞ்சமும் உறிஞ்சி எடுங்கள்.

அடுத்தது கடதாசிச் சோதனை. கராஜ்காரரையும் என்னையும் ஒருசேரக் குழப்பியது இதுதான். கடதாசியில் ஒரு துளி விட்டு, காய்ந்த பிறகும் ஈரக்கறை நின்றால் அது ஒயில் என்பார்கள். அப்படி முடிவுகட்ட முடியாது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோலின் கொதிநிலை ஏறத்தாழ 197 பாகை செல்சியஸ். நமது கடற்காற்றில் அது இலேசில் காயாது. பார்ப்பதற்கு அசல் எண்ணெய்க் கறை போலவே இருக்கும். ஆகவே கறை பட்ட கடதாசியைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கிளைக்கோல் தண்ணீரில் முழுவதுமாகக் கரைந்து போய்விடும், ஒயில் போகாது. பிறகு காயவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கறை இருந்த இடம் இன்னமும் ஒளி ஊடுருவத் தெரிந்தால் மட்டுமே ஒயில் என்று நம்பலாம். செய்தித்தாள் வேண்டாம், அதன் மையே எண்ணெய்ப்பசை உள்ளது. போட்டோகொப்பித் தாள் நல்லது.

மீதி மாதிரியை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து குலுக்கி, மறுநாள் வரை வையுங்கள். மேலே படலமோ பாலாடையோ நின்றால் ஒயில். அடியில் செம்பழுப்பாகப் படிந்தால் துரு. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது சாதாரணம். எண்ணெய்ப்பசை இல்லாத கட்டிகள் தெரிந்தால், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட்டுகளை யாரோ கலந்திருக்கிறார்கள்.

இப்போது எஞ்சின் பக்கம். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளைப் பசை இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். மாரிகாலத்தில் உப்புவெளிக்கும் பட்டணத்துக்கும் இடையில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் போதிய அளவு சூடாவதில்லை. உள்ளே வியர்த்த நீர் அப்படிப் படிகிறது. உள்ளே இருக்கும் ஒயிலே பால் போல மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒயில் சுத்தமாக இருந்து, கூலன்டில் மட்டும் ஒயில் இருந்தால் அது பெரிய துப்பு. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கியதும் பம்ப் ஒயிலைத் தள்ளத் தொடங்குகிறது. கூலன்டிலோ அந்நேரம் அழுத்தமே இல்லை. எனவே அழுத்தத்தோடு ஒயில் ஓடும் வழி ஒன்று கூலன்ட் வழியோடு எங்கோ திறந்திருக்கிறது: ஹெட் கஸ்கட், ஹெட்டில் வெடிப்பு, அல்லது கூலன்டால் குளிரும் ஒயில் கூலர் இருந்தால் அது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது, கஸ்கட்டில் பிழையில்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். கஸ்கட் ஒயில் துளைக்கும் கூலன்ட் துளைக்கும் நடுவில் மட்டும் கிழிந்திருந்தால் கம்ப்ரெஷன் குறையவே குறையாது.

கூலன்டில் ஒயிலும் ஒயிலில் கூலன்டும் கலந்திருந்தால் முதலில், கூலன்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பைப் பாருங்கள். அதற்குள் கூலன்டுக்கு ஒரு சீல், ஒயிலுக்கு ஒரு சீல். நடுவில் கசிவு வெளியே சொட்ட ஒரு சிறு துளை. கூலன்ட் சொட்டினால் முதலாவது, ஒயில் சொட்டினால் இரண்டாவது போய்விட்டது. நிலாவெளி மணலும் சேறும் அந்தத் துளையை அடைத்திருந்தால் எதுவும் வெளியே வராது, இரண்டும் உள்ளேயே கலக்கும். மெல்லிய கம்பியால் வாயை மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஆழமாகக் குத்தினால் சீல் கெடும். பிழை இங்கே என்றால் ஹெட்டைத் தொடவே வேண்டாம்.

கடைசி உறுதிக்கு, கைப்பம்பால் ரேடியேட்டருக்கு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். மூடியில் பொறித்திருக்கும் அளவை, பெரும்பாலும் 1.1 பார், தாண்ட வேண்டாம். கைப்பம்பின் அழுத்தமானி முள் இறங்கி, வெளியில் ஈரமும் இல்லையென்றால் கசிவு உள்ளே. கைப்பம்ப் வாங்க வேண்டியதில்லை, இரவல் கேளுங்கள். போல்ட்டுகளைச் சரியான அளவுக்கு இறுக்கும் டோர்க் ரென்ச்சுக்குத்தான் காசு செலவழிக்கலாம்.

எடுத்த கூலன்டைக் கானில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், விஷம். கோட்டைப் பக்கம் மட்டுமல்ல, பட்டண வீதிகளிலும் மான்கள் திரியும் ஊர் இது. நாய் பூனைகளும் நக்கும். போத்தலில் மூடி, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒருவர், கஸ்கட் மாற்றிய பிறகும் படலம் வருகிறது என்று எழுதியிருந்தார். ரேடியேட்டரையும் குழாய்களையும் அவர் கழுவவில்லை; பழைய ஒயில்தான் திரும்பத் திரும்ப மேலே வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும், அதிகம் ஊற்றினால் நுரையை அகற்றுவதே தனி வேலை. ஒயிலில் ஊறி மெத்தென்று உப்பிய இறப்பர் குழாய்களை மட்டும் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். இன்னொன்று: கைமாறிய வண்டியானால், கசிவடைக்கும் மருந்து ஊற்றினாரா என்று முன்னைய சொந்தக்காரரிடம் கேளுங்கள். அதுவும் இதே நிறக் கூழாக இருக்கலாம்.