கிளையண்ட் வெப்சைட்டை நாமளே ஹோஸ்ட் பண்ணலாமா?

சைட்டை முடிச்சு குடுத்த கையோட கிளையண்ட் கேப்பாங்க, "ஹோஸ்டிங்கையும் நீங்களே பாத்துக்கோங்களேன்"னு, அதாவது சைட்டை சர்வர்ல வச்சு ஓட்டுற வேலையையும். மாசா மாசம் காசு வருமேன்னு நாமளும் தலையாட்டிருவோம். நானும் ஆட்டினேன். ஒரே ஷேர்டு அக்கவுண்ட்ல ஏழு பேரோட சைட்டை ஆடான் டொமைனா (ஒரே அக்கவுண்டுக்குள்ள கூடுதல் வெப் முகவரியா) போட்டு வச்சிருந்தேன், அதுல ஒரு சைட்ல ரெண்டு வருஷமா அப்டேட்டே பண்ணாத ஒரு ஃபார்ம் பிளகின் வழியா மால்வேர் நுழைஞ்சுது, எல்லாமே ஒரே யூசர்ல ஓடுறதால மத்த ஆறு ஃபோல்டருக்குள்ளயும் அதுவே போய் எழுதிட்டு வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வரிசையா போன். தப்பு என்னோடதுதான்.

அதனால இப்ப நான் பண்றது இதுதான். ஹோஸ்டிங் அக்கவுண்ட் கிளையண்ட் பேர்ல, பில் அவங்க கார்டுல, எனக்கு அக்சஸ் மட்டும். அப்டேட், பேக்கப், மானிட்டரிங்குக்கு பராமரிப்பு கட்டணம்னு தனியா வாங்கிக்கறேன். வருமானம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா ராத்திரி டிஸ்க் செத்தா அது ஹோஸ்டிங் கம்பெனி தலைவலி.

இல்ல, நானே ஹோஸ்ட் பண்ணித்தான் ஆவேன்னா சரி, ஆனா டொமைனை மட்டும் உங்க பேர்ல வாங்கவே வாங்காதீங்க. ரெஜிஸ்ட்ரண்ட்னு யார் பேர் பதிவாகியிருக்கோ அவங்கதான் ஓனர், நாளைக்கு மனஸ்தாபம் வந்தா அசிங்கமாயிடும், நீங்க ரினியூ பண்ண மறந்து டாட் காம் ரிடெம்ப்ஷன் (காலாவதியான டொமைனை மீட்கற கடைசிக் கட்டம்) வரைக்கும் போயிட்டா அங்க 30 நாள்தான் டைம், மீட்க அபராதம் வேற கட்டணும்.

சர்வர்ல ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனி லினக்ஸ் யூசர், தனி பிஎச்பி பூல் (சைட்டோட கோடை ஓட்டுற ப்ராசஸ்கள்), தனி டேட்டாபேஸ் யூசர். இதுல சோம்பேறித்தனம் பட்டா என் ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் வரும். பேக்கப் அதே சர்வர்ல இருந்தா அது பேக்கப்பே இல்ல, வேற கம்பெனி ஸ்டோரேஜ்ல போடுங்க, மூணு மாசத்துக்கு ஒருதடவை ஒரு காலி சர்வர்ல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.

ஈமெயிலை மட்டும் தொடாதீங்க ப்ளீஸ். ஒரே ஐபில (சர்வரோட நெட் முகவரில) இருக்கற யாரோ ஸ்பேம் அனுப்பினாலும் அந்த ஐபி பிளாக்லிஸ்ட்ல ஏறிடும், அப்புறம் "நான் அனுப்பின இன்வாய்ஸ் ஸ்பேம்ல கிடக்காம்"னு திட்டு உங்களுக்குத்தான். மெயிலுக்குன்னே இருக்கற சர்வீஸ்ல அவங்களையே அக்கவுண்ட் போட்டுக்கச் சொல்லுங்க.

ஒப்பந்தத்துல 99.9% அப்டைம்னு கெத்தா எழுதிடாதீங்க, கணக்கு போட்டா மாசத்துக்கு வெறும் 43 நிமிஷம்தான் சைட் படுக்கலாம், நீங்க பஸ்ல போயிட்டு இருக்கும்போதே அது முடிஞ்சிடும்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க கிளையண்டோட அக்கவுண்டுக்கு சைட்டை மாத்துறது பெரிய வேலை இல்ல. மாத்துறதுக்கு முதல் நாளே டிஎன்எஸ்ல (டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பதிவுகள்) டிடிஎல்லை, அதாவது பழைய பதிவை மத்தவங்க ஞாபகத்துல வச்சிருக்கற நேரத்தை, 300 செகண்டுக்கு இறக்கிடுங்க. ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டையும் புது சர்வர்ல ஏத்திட்டு, உங்க கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் முகவரி சொல்ற ஃபைல்) புது ஐபியைப் போட்டு சைட்டைத் திறந்து, ஃபார்ம் போகுதா, லாகின் ஆகுதான்னு பாருங்க, அப்புறமா டிஎன்எஸ்ல ஐபியைச் சொல்ற ஏ ரெக்கார்டை மட்டும் மாத்துங்க. இந்தப் பதிவுகளை வச்சிருக்கற நேம்சர்வரையே மாத்தணும்னா பழைய டிஎன்எஸ்ல இருக்கற, மெயிலுக்குத் தேவையான எம்எக்ஸ், டிஎக்ஸ்டி ரெக்கார்டு மொத்தத்தையும் முதல்ல புது நேம்சர்வர்ல காப்பி பண்ணிட்டு மாத்துங்க, இல்லன்னா சைட் ஜோரா ஓடும் ஆனா மெயில் ஒண்ணும் வராது, அது ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவங்களுக்கே தெரியும். பழைய சர்வரை உடனே அழிக்காம ஒரு வாரம் விட்டு வைங்க, ஆர்டர் எடுக்கற சைட்டா இருந்தா மாத்துற நேரத்துல மட்டும் மெயின்டனன்ஸ் மோட் போட்டுடுங்க, இல்லன்னா பாதி ஆர்டர் பழைய டேட்டாபேஸ்ல போய் உக்காந்துக்கும்.