சிவில் சைட் வேலைல இருந்து புராடக்ட் டிசைனர் ஆகுறது எப்படி

பி.இ. சிவில், டிப்ளமோ, ஆர்க்கிடெக்சர் முடிச்சிட்டு சைட்லயோ டிராயிங் ஆபீஸ்லயோ சில வருஷம் ஓட்டினவங்க நிறைய பேருக்கு இப்ப புராடக்ட் டிசைன், அதாவது ஆப், வெப்சைட் டிசைன் பண்ற வேலை பக்கம் ஒரு கண்ணு இருக்கு. நானும் சைட் இன்ஜினியரா இருந்து இந்தப் பக்கம் வந்தவன்தான், அதனால எனக்குத் தெரிஞ்ச வழிய சொல்றேன். ஏசி ரூம், ஞாயித்துக்கிழமை லீவு, ஐடி சம்பளம், இது மூணுக்காக மட்டும் வர்றதா இருந்தா கொஞ்சம் நிதானிங்க, ஏன்னா ஜூனியர் டிசைனர் வேலைக்கு இப்ப கூட்டம் பயங்கரமா இருக்கு, பாக்க அழகா நாலு ஸ்கிரீன் போடற வேலைய ஏஐ டூலே அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் காட்டிடுது. டிசைன் காலேஜ்ல நாலு வருஷம் கலர், டைப்போகிராஃபினு ஊறி வந்த பசங்களோட அழகுல போட்டி போட்டா நாம ஜெயிக்கறது கஷ்டம். ஆனா கான்கிரீட் போடற அன்னைக்கு ராத்திரி சைட்ல என்னென்ன கூத்து நடக்கும்னு அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அத வச்சுதான் உள்ள வரணும்.

முதல்ல வேலை என்னன்னு புரிஞ்சுக்கோங்க. படம் வரையறது இதுல பாதிகூட கிடையாது. ஆப் யூஸ் பண்றவங்ககிட்ட பேசி அவங்க எங்க மாட்டிக்கறாங்கனு கண்டுபிடிக்கறது, எந்த ஸ்கிரீனுக்கு அப்புறம் எதுன்னு ஃப்ளோ போடறது, அத புராடக்ட் மேனேஜர்கிட்டயும் டெவலப்பர்கிட்டயும் சண்டை போட்டு ஒத்துக்க வைக்கறது, அப்புறம் நாலு பேர் கைல குடுத்து டெஸ்ட் பண்றதுனு போகும். கிளையன்ட், பிஎம்சி (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்), ஆர்க்கிடெக்ட், சென்ட்ரிங் கான்ட்ராக்டர்னு எல்லார்கிட்டயும் ஒரே நாள்ல பேசி வேலை வாங்கின ஆளுக்கு இந்த மீட்டிங் எல்லாம் பெரிய விஷயமே இல்ல.

டூல் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் மாசக்கணக்குல உக்காந்துடறாங்க. ஸ்கிரீன் டிசைன் பண்ற டூல்ல ஃபிக்மா ஒன்னு போதும். பிரவுசர்லயே ஓடும், ஃப்ரீ பிளான்லயே பழகிக்கலாம், ரெவிட் மாதிரி 3டி பில்டிங் சாஃப்ட்வேர் ஓட்டின லேப்டாப் இருந்தா அது இதுக்கு ரொம்பவே அதிகம். ஆட்டோகேட்ல பிளாக் போட்டு பழகினவங்களுக்கு காம்பொனென்ட்னா என்னன்னு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும், ஒன்ன மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும், அவ்ளோதான். மாட்டிக்கற இடம் ஆட்டோ லேயவுட். நமக்கு எல்லாமே ஃபிக்ஸட் டைமென்ஷன், 230 மி.மீ. சுவர்னா 230தான். இங்க உள்ள இருக்கற எழுத்து நீளமானா பட்டன் தானா விரியணும், சின்ன போன்ல அடுக்கு மாறணும். அது கைக்கு வர ஒரே வழி, தினமும் யூஸ் பண்ற ஒரு பேங்க் ஆப்போ டிக்கெட் புக் பண்ற ஆப்போ எடுத்து ஸ்கிரீன் ஸ்கிரீனா அப்படியே காப்பி போடுங்க, ஆனா ஒவ்வொரு டப்பாவும் ஆட்டோ லேயவுட்லதான் இருக்கணும்னு கண்டிஷன் வச்சுக்கோங்க. இத போர்ட்ஃபோலியோல (வேலை கேக்கும்போது காட்டற நம்ம வேலைத் தொகுப்பு) போடாதீங்க, இது பயிற்சி மட்டும்தான்.

கோடு புக் பாத்து வேலை செஞ்சு பழகினவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, இங்கயும் ரூல் இருக்கு. வெப்சைட், ஆப் எல்லாருக்கும் படிக்கற மாதிரி இருக்கணும்னு டபிள்யூசிஏஜினு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல சாதாரண எழுத்துக்கும் பின்னாடி கலருக்கும் கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5:1, பெரிய எழுத்துன்னா 3:1. விரல் படற பட்டன் ஆப்பிள் கணக்குல 44 பாயின்ட், கூகுள் மெட்டீரியல் கணக்குல 48 டிபி (ரெண்டுமே ஸ்கிரீன்ல அளக்கற யூனிட்). யூசபிலிட்டி, அதாவது சுலபமா யூஸ் பண்ற விஷயத்துல பேர் போன ஜேக்கப் நீல்சன் 1994ல தொகுத்த 10 விதிய ஒரு நாள் உக்காந்து படிச்சிட்டு, உங்க கம்பெனில இருக்கற ஈஆர்பி (பர்சேஸ், ஸ்டோர், கணக்கு எல்லாம் பாக்கற) சாஃப்ட்வேர தொறந்து ஒவ்வொரு விதியா வச்சுப் பாருங்க, எத்தனை இடத்துல உதைக்குதுன்னு தெரியும். வெறும் 4.5:1னு படிச்சா மறந்துடும், மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடில நின்னு போன் ஸ்கிரீன படிக்க முயற்சி பண்ணா லைட் கிரே எழுத்து ஏன் ஆகாதுன்னு சாகறவரைக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், போர்ட்ஃபோலியோ. ஃபுட் டெலிவரி ஆப்ப ரீடிசைன் பண்ணேன், மியூசிக் ஆப்ப ரீடிசைன் பண்ணேன்னு போடாதீங்க. ரெக்ரூட்டர் அந்த மாதிரி தினமும் பாத்து சலிச்சுப் போயிருப்பாங்க. சைட்ல தினமும் நோட்டுலயும் வாட்ஸ்அப்லயும் நடக்கற ஒரு வேலைய எடுங்க. டிபிஆர் (தினசரி வேலை ரிப்போர்ட்), லேபர் அட்டெண்டன்ஸ், ஸ்டோர்ல சிமெண்ட் மூட்டை கணக்கு, போர் கார்டு (போர்னா pour, ஒரு தடவை கான்கிரீட் போடறது), ஸ்னாக் லிஸ்ட் (சரி பண்ண வேண்டிய குறை லிஸ்ட்)னு ஏகப்பட்டது இருக்கு. எனக்குப் பிடிச்சது கியூப் ரெஜிஸ்டர், அதாவது கான்கிரீட் பலத்த டெஸ்ட் பண்ண எடுக்கற கட்டிங்களோட கணக்கு நோட்டு, அத வச்சே காட்டறேன்.

ஒரு ஸ்லாப் போடறீங்க, 40 கனமீட்டர். கான்கிரீட்டுக்கான இந்திய கோடு ஐஎஸ் 456 படி 31ல இருந்து 50 கனமீட்டருக்கு 4 சாம்பிள், சாம்பிளுக்கு 3 கியூப், அப்ப 28 நாள் டெஸ்டுக்கே 12 கியூப், 7 நாளுக்கும் அதே மாதிரி எடுக்கற சைட்னா 24. இந்தக் கணக்க இன்னைக்கும் ஒரு ஜூனியர் இன்ஜினியர் கைல போட்டு, நோட்டுல எழுதி, காலண்டர்ல நாள் எண்ணி டெஸ்ட் தேதி குறிச்சுட்டு இருக்கான். உங்க ஆப்ல அவன் அடிக்க வேண்டியது மூணே விஷயம், எந்த இடம், கான்கிரீட் என்ன கிரேடு, எத்தனை கனமீட்டர். எத்தனை கியூப், எந்தத் தேதில டெஸ்ட்ங்கறத ஆப் சொல்லணும். இது வரைக்கும் எந்த டிசைனரும் பண்ணிடுவான்.

நீங்க மட்டும் பண்ணக்கூடியது இதுக்கு அப்புறம்தான் வருது. 7, 28 ரெண்டுமே ஏழால வகுபடற நம்பர், அப்ப ஞாயித்துக்கிழமை கான்கிரீட் போட்டா ரெண்டு டெஸ்டும் ஞாயித்துக்கிழமைலயே வந்து விழும், வெளி லேப் அன்னைக்கு பூட்டி இருக்கும். அத டெஸ்ட் அன்னைக்கு காலைல நோட்டிஃபிகேஷன் விட்டு என்ன பிரயோஜனம், போர் என்ட்ரி போடும்போதே சொல்லணும். சாயங்காலம் ஆரம்பிச்ச கான்கிரீட் விடியக்காலை மூணு மணிக்கு முடியுது, இன்ஜினியர் தூங்கி எழுந்து பதினோரு மணிக்கு என்ட்ரி போடறான், ஆப் பாட்டுக்கு இன்னைக்கு தேதிய டீஃபால்ட்டா போட்டுட்டா ராத்திரி பன்னெண்டுக்கு முன்னாடி எடுத்த கியூபுக்கு ஒரு நாள் தப்பாயிடும். அப்ப தேதி ஒரு போருக்கு ஒன்னுனு இருக்கக் கூடாது, சாம்பிளுக்கு ஒன்னுனு இருக்கணும். பேஸ்மென்ட்ல நெட்வொர்க் கிடையாது, அதனால என்ட்ரி போன்லயே சேவ் ஆகி மேல வந்ததும் தானா ஏறணும், ஏறிடுச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியணும். கை முழுக்க சிமெண்ட் பால், கீபோர்ட்ல டைப் பண்ண முடியாது, எம்25, எம்30 மாதிரி கிரேடு எல்லாம் பெரிய பட்டனா தட்டற மாதிரி வைக்கணும்.

அப்புறம் ஒரு வில்லங்கமான கேள்வி. 7 நாள் ரிசல்ட் கம்மியா வந்தா அது முதல்ல யாருக்குப் போகணும்? கான்ட்ராக்டர் இன்ஜினியருக்கா, கியூசிக்கா (தரம் செக் பண்றவர்), நேரா கிளையன்ட்டுக்கா? நேரா கிளையன்ட்டுக்குப் போகும்னு தெரிஞ்சா சைட்காரன் அந்த ஆப்ல என்ட்ரியே போட மாட்டான், அது நமக்குத் தெரியும். போகவே போகாதுன்னா கிளையன்ட் எதுக்கு ஆப்ப வாங்கணும். இந்த இடத்துல நீங்க என்ன முடிவு எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கனு ஒரு பாரா எழுதினா போதும், இன்டர்வியூ எடுக்கறவங்க நிமிந்து உக்காருவாங்க. எல்லா ஸ்கிரீனும் சூப்பரா இருக்கற போர்ட்ஃபோலியோவ விட இந்த ஒரு பாரா கனமானது.

ரிசர்ச்சுக்கு எங்கயும் போக வேண்டாம், உங்க போன்ல இருக்கற நம்பரே போதும். பழைய சைட் இன்ஜினியர் ரெண்டு பேர், ஒரு கியூசி, ஒரு ஸ்டோர் கீப்பர், ஒரு மேஸ்திரி அண்ணன். "இப்படி ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா"னு கேக்காதீங்க, நம்ம ஆளுங்க மரியாதைக்கு "சூப்பர் தம்பி, கண்டிப்பா"னுதான் சொல்லுவாங்க. "போன வாரம் போட்ட கான்கிரீட்டுக்கு கியூப் எத்தனை எடுத்தீங்க, எங்க எழுதினீங்க, அந்த நோட்ட கொஞ்சம் காட்டுங்க"னு கேளுங்க. நோட்டுல அடிச்சு திருத்தின இடம், ஓரத்துல பென்சில்ல எழுதின இடம், அங்கதான் டிசைன் பண்ண வேண்டிய விஷயம் இருக்கும். ஸ்கிரீன் ரெடியானதும் அதே மாதிரி ஒரு அஞ்சு பேர் கைல போன குடுத்துட்டு வாய மூடிட்டு பாருங்க. ஹெல்ப் பண்ணவே கூடாது, அது ரொம்ப கஷ்டம், ஆனா கூடாது. ஒன்னு முக்கியம், கம்பெனி டிராயிங், கிளையன்ட் பேரு, நிஜ டெஸ்ட் ரிசல்ட் எதையும் போர்ட்ஃபோலியோல போடாதீங்க, பேர எல்லாம் மாத்தி நீங்களே புதுசா நம்பர் போட்டுக்கோங்க.

இந்த மாதிரி ரெண்டு கேஸ் ஸ்டடி போதும். ஒன்னு சைட் சம்பந்தமா, இன்னொன்னு சம்பந்தமே இல்லாம, உங்க அம்மா கேஸ் சிலிண்டர் புக் பண்றதோ பஸ் டிக்கெட்டோ ஏதாவது, இல்லன்னா இவனுக்கு கன்ஸ்ட்ரக்ஷன் மட்டும்தான் வரும்னு முடிவு கட்டிடுவாங்க.

அடுத்து எங்க அப்ளை பண்றது. எல்லாரும் போற பெரிய கம்பெனிக்கே நேரா போகாம, முதல்ல கன்ஸ்ட்ரக்ஷன் சாஃப்ட்வேர் பண்ற கம்பெனிங்கள லிஸ்ட் எடுங்க. இந்தத் துறைல பிளான்கிரிட்னு ஒரு கம்பெனி 2011ல ஆரம்பிச்சாங்க, பேப்பர் டிராயிங்க ஐபேட்ல கொண்டு வந்தது. அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டிரேசி யங் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜினியரா இருந்தவங்க, 2018ல ஆட்டோடெஸ்க் அத 87.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு. புரோகோர், ஹில்டி வாங்கின ஃபீல்ட்வயர், பெங்களூர்ல பவர்பிளேனு இந்த வரிசை நீளம். இதோட சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் பில்டர்களுக்கு ஈஆர்பி பண்ணித் தர்ற சின்னச் சின்ன கம்பெனிங்க இருக்கு, அங்க டிசைனர்னே ஒருத்தர் இருக்க மாட்டாங்க, டெவலப்பரே ஸ்கிரீனும் போட்டுட்டு இருப்பாரு. அவங்களுக்கு ஒரு மெயில், கூடவே அவங்க ஆப்லயே ஒரு ஸ்கிரீன எடுத்து சைட்காரன் இதுல எங்க மாட்டுவான்னு ஒரு பக்கத்துல காட்டி அனுப்புங்க.

நேரா டிசைனர் வேலை கிடைக்கலன்னா இன்னொரு வழி இருக்கு, நான் பாத்தவரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு இதுதான் நல்லா செட் ஆகுது. அதே கம்பெனிங்கள்ல இம்ப்ளிமென்டேஷன், கஸ்டமர் சக்சஸ்னு வேலை இருக்கும், கிளையன்ட் சைட்டுக்குப் போய் சாஃப்ட்வேர செட் பண்ணி சொல்லிக் குடுக்கற வேலை. சைட் தெரிஞ்ச ஆளுங்கள இதுக்கு தேடித் தேடி எடுப்பாங்க. ஒரு வருஷம் அதுல இருந்தா யூசர் எங்க திட்டறான்னு டிசைன் டீம விட உங்களுக்குதான் நல்லா தெரியும், உள்ளுக்குள்ளயே மாறிக்கலாம்.

கோர்ஸ் விஷயத்துல ரெண்டே ரெண்டு வார்த்தை. கோர்செராவுல கூகுள் யூஎக்ஸ் கோர்ஸ் அடிப்படைக்கு போதும், ஆனா அந்த சர்டிஃபிகேட்ட மட்டும் பாத்து யாரும் வேலை தர்றதில்ல. லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு ஜாப் கேரன்டினு சொல்ற பூட்கேம்ப்புக்கு லோன் போட்டு சேர்றதுக்கு முன்னாடி ரீஃபண்ட் கண்டிஷன வரி வரியா படிங்க. உண்மையாவே படிக்கணும்னு ஆசை இருந்தா ஐஐடி பாம்பே நடத்தற சீட் (CEED) எக்ஸாம் எழுதி எம்.டெஸ். (டிசைன்ல மாஸ்டர்ஸ் டிகிரி) போகலாம், பி.இ. முடிச்சிருந்தா எழுதலாம், வயசு வரம்பு கிடையாது. ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம இருக்க முடியுமான்னு வீட்டுல உக்காந்து பேசிட்டு முடிவு பண்ணுங்க.

வேலைய விட்டுட்டு படிக்கலாமான்னு கேட்டா, வேண்டாம். சைட் முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து லேப்டாப் தொறந்தா தலை ஆடும்னு எனக்கும் தெரியும், அதனால காலைல ஒரு மணி நேரம், சைட் இல்லாத ஞாயித்துக்கிழமை அரை நாள்னு வச்சுக்கோங்க. இந்த வேகத்துல ஒரு வருஷம் பக்கம் ஆகும். முடிஞ்சா சைட்ல இருந்து பிளானிங், பில்லிங் மாதிரி ஆபீஸ் வேலைக்கு மாத்தல் கேட்டுப் பாருங்க, நேரமும் கிடைக்கும், எக்செல்ல எல்லாரும் எங்க சொதப்பறாங்கனு பாக்கற வாய்ப்பும் கிடைக்கும்.

இன்டர்வியூல கண்டிப்பா வரும் கேள்வி, ஏன் சிவில விட்டீங்க. சம்பளம் கம்மி, வெயில்னு ஆரம்பிக்காதீங்க, அது உண்மையா இருந்தாலும். கியூப் ரெஜிஸ்டர எடுத்து மேல வச்சு பேச ஆரம்பிச்சிடுங்க. வீட்டுல பண்ணிட்டு வாங்கனு அசைன்மென்ட் குடுப்பாங்க, ஒரு வீக்எண்டுக்கு மேல போற வேலையா இருந்தா சம்பளம் இல்லாம உங்கள வேலை வாங்கறாங்கனு அர்த்தம், ஸ்கோப்ப குறைக்கச் சொல்லிக் கேளுங்க. ஆஃபர் பேசும்போது பழைய அனுபவத்த ஜீரோனு எழுதி ஃப்ரெஷர் சம்பளம் சொல்லுவாங்க. மத்த கம்பெனில அத பெருசா எதிர்த்துப் பேச முடியாது, ஆனா கன்ஸ்ட்ரக்ஷன் சாஃப்ட்வேர் கம்பெனில அந்த அனுபவத்துக்காகத்தான் உங்கள எடுக்கறாங்க, அதனால பாதியாவது கணக்குல எடுக்கச் சொல்லி தைரியமா கேக்கலாம். பழைய கம்பெனில ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெண்டையும் கைல வாங்கிட்டு கிளம்புங்க, பிஎஃப் பணத்த எடுத்துடாம அதே யூஏஎன் (பிஎஃப் கணக்கு) நம்பர்ல புது கம்பெனிக்கு டிரான்ஸ்ஃபர் போட்டுக்கோங்க.