கப் கசிந்தால் முதலில் மடிப்பைப் பாருங்கள்

மாதவிடாய் கப் வைத்தும் கறை படுகிறதா? உடனே அளவைக் குறை சொல்ல வேண்டாம். பல நேரம் மடித்து வைத்த கப் உள்ளே முழுதாக விரிந்திருக்காது. வைத்தபின் ஒரு விரலால் அடிப்பகுதியைச் சுற்றித் தடவிப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. எங்காவது பள்ளம் தட்டுப்பட்டால் அடியைப் பிடித்து லேசாகத் திருப்புங்கள், விரிந்துகொள்ளும்.

விளிம்புக்குக் கீழே குட்டித் துளைகள் இருக்குமே, அவை அடைபட்டாலும் பிடிமானம் சரியாக அமையாது. கழுவும்போது கப்பில் தண்ணீர் நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள். துளை வழியே நீர் பீச்சியடித்து அழுக்கு போய்விடும்.

எடுக்கும்போது கப்பின் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. அடிப்பகுதியை இரு விரலால் அழுத்தி, காற்று புகுந்த பிறகு மெல்ல அசைத்து இறக்குங்கள். காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்; இழுப்பில் அதுவும் நகர்ந்துவிடலாம்.

காம்பு உறுத்தினால் கப்பை வெளியே எடுத்துக் கொஞ்சம் கத்தரித்துக்கொள்ளலாம். 12 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அப்புறம், முதல் இரண்டு மூன்று மாதம் கூடவே ஒரு நாப்கினும் இருக்கட்டும். நானும் அப்படித்தான் பழகினேன்.