லேப்டாப் வாங்குமுன் முழு மாடல் எண்ணைத் தேடுங்கள்

தம்பிக்கு லேப்டாப் தேடும் வேலை என்னிடம் வந்தபோது, ஒரே பெயரில், ஒரே நிறத்தில், ஒரே திரை அளவில் இரண்டு லேப்டாப்கள் கண்ணில் பட்டன. ஒன்றில் பிறகு ராம் கூட்டிக்கொள்ளலாம். மற்றதில் முடியவே முடியாது. விளம்பரப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ராம், எஸ்எஸ்டி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

பிரவுசர், எழுத்து வேலை, வீடியோ பார்ப்பது, ஆரம்பநிலை புரோகிராமிங் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அது எடையைக் கூட்டும், பேட்டரியைத் தின்னும். வீடியோ எடிட்டிங், கேம், முப்பரிமாண வரைகலை என்றால் வேண்டும். அப்போதும் கார்டின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட் முதல் 115 வாட் வரை பல அளவுகளில் வருகிறது. எத்தனை வாட் என்பதைப் பொறுத்து வேகம் வெகுவாக மாறும். அந்த எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்.

படி 2: முழு மாடல் எண்ணை எடுங்கள்

மூடியில் பொறித்திருப்பது வரிசையின் பெயர்தான். அந்த ஒரே பெயருக்குள் பல வகைகள் இருக்கும். பெட்டியிலோ லேப்டாப்பின் அடிப்புறத்திலோ எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண் ஒன்று இருக்கும், அதுதான் வேண்டியது. இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் முழு விவரப் பட்டியல் கிடைக்கும். பெரும்பாலான மாடல்களுக்கு, பழுதுபார்ப்பவர்களுக்கான சர்வீஸ் மேனுவலும் கிடைக்கும். என்னைக் கேட்டால் நூறு யூடியூப் விமர்சனங்களைவிட அந்த மேனுவல் மேல். ராம் செருகும் இடம் (ஸ்லாட்) எத்தனை, எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடம் உண்டா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கும்.

படி 3: பிராசசர் எண்ணைப் படியுங்கள்

ஏஎம்டியின் ரைசன் 5, இன்டெல்லின் கோர் ஐ5 என்பதோடு நின்றுவிடாதீர்கள். பின்னால் வரும் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது.

7000 வரிசை ரைசன் லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம் அதன் வடிவமைப்பை, அதாவது எந்த 'ஜென்' தலைமுறை என்பதைச் சொல்லும். 7520யூ என்பது ஜென் 2. 7530யூ என்பது ஜென் 3. 7640யூ என்பது ஜென் 4. மூன்றுமே ரைசன் 5, மூன்றுமே ஏழில் தொடங்குகின்றன. ஆனால் முதலாவதில் 4 கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) மட்டும்தான், அதன் வடிவமைப்பு 2019-இல் வந்தது. மற்ற இரண்டிலும் 6 கோர்கள். பக்கத்து பக்கத்தில் வைத்து விற்கும்போது இது யாருக்கும் தெரியாது.

இன்டெல்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூ என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது, ஹெச் என்றால் வேகத்துக்கு, ஹெச்எக்ஸ் என்றால் அதற்கும் மேல். ஐ3-என்305 போல நடுவில் 'என்' வந்தால் அதில் சிக்கன கோர்கள் மட்டுமே உண்டு. எளிய வேலைக்கு அது போதும், கனமான வேலைக்கு வேண்டாம்.

படி 4: ராம், இங்கேதான் நிதானம் வேண்டும்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். இன்றைக்கு 16 ஜிபி வாங்குங்கள். 8 ஜிபியில் ஓடும், ஆனால் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்களோடு ஒரு வீடியோ கால் வந்தால் திணறும்.

அளவைவிட முக்கியமானது, ராம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. மூன்று வகை உண்டு: இரண்டு ஸ்லாட், பாதி போர்டிலேயே சால்டர் செய்து (கழற்ற முடியாதபடி பற்றவைத்து) பாதிக்கு ஒரு ஸ்லாட், முழுவதும் சால்டர். விவரப் பட்டியலில் ராம் வகையின் பெயர் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் கிட்டத்தட்ட எப்போதும் சால்டர்தான். வாங்கும் அன்று என்ன அளவோ அதுதான் கடைசிவரை. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள், அதையும் சால்டர் செய்கிறார்கள். நான் பார்த்த இரண்டில் ஒன்று அப்படித்தான் இருந்தது.

லேப்டாப் கைக்குக் கிடைத்தால் இப்படிச் சோதிக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றக்கூடியது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் சால்டர். மேலே உள்ள 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், சால்டர் செய்ததையும் சில லேப்டாப்கள் ஸ்லாட்டாகவே கணக்குக் காட்டும்.

இன்னொன்று. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், கிராஃபிக்ஸ் வேலைக்கும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் ராமின் வேகமும் முக்கியம்: ஒரே 16 ஜிபி ராம் குச்சியைவிட, ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு 8 ஜிபி குச்சிகள் நல்லது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று விளம்பரப்படுத்திய லேப்டாப்பில் ஒற்றைக் குச்சி மட்டும் இருந்தால், விண்டோஸ் அதை யூஹெச்டி என்றுதான் காட்டும். வேகமும் அதற்கேற்பக் குறையும்.

படி 5: திரை

முழு எச்டி, அதாவது 1920×1080-க்குக் கீழே போகாதீர்கள். 1920×1200 கிடைத்தால் இன்னும் நல்லது, படிக்கும்போது சில வரிகள் கூடுதலாகத் தெரியும். ஐபிஎஸ் அல்லது ஓலெட் வகைத் திரை எடுங்கள். டிஎன் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும்.

வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். 250 வீட்டுக்குள் சமாளிக்கும், ஜன்னலோரம் என்றால் 300-க்கு மேல் வேண்டும். திரை காட்டும் நிறங்களின் அளவு '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும். படம் திருத்துகிறவர்கள் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்றிருப்பதைத் தேடுங்கள். நோட்புக்செக் என்ற லேப்டாப் விமர்சனத் தளத்தில் திரையை அளந்தே எழுதுகிறார்கள், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 6: மற்றவை

எஸ்எஸ்டி 512 ஜிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. விண்டோஸ் அதை 476 என்று காட்டும். கணக்கிடும் முறைதான் வேறு, எதுவும் குறைந்துவிடவில்லை. எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்றிருந்தால் விட்டுவிடுங்கள், வேகம் குறைவு. பேட்டரிக்கு விளம்பரம் சொல்லும் மணி நேரத்தை விட்டுவிட்டு வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 50 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 8 வாட் செலவென்றால் சுமார் ஆறு மணி நேரம். கடையில் இருந்தால் ஒரு பத்தி டைப் செய்து பாருங்கள், கீபோர்டு பிடிக்கவில்லை என்றால் வேறு பாருங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். புதியது என்று விற்றதில் நூற்றுக்கணக்கில் இருந்தால் உடனே கேளுங்கள். அப்புறம் முழு வெள்ளை, முழு கறுப்புப் படங்களைத் திரையில் விரித்து, புள்ளி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை

படித்தவர்களில் ஒருவர், யூஎஸ்பி-சி வழியாக மானிட்டர் இணைத்தால் படம் வரவில்லை என்று எழுதியிருந்தார். இது படிகளிலேயே வந்திருக்க வேண்டியது. டேட்டா, சார்ஜ், படம் மூன்றும் தனித்தனி வசதிகள். துளை ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. விவரப் பட்டியலில் 'பவர் டெலிவரி' (சார்ஜுக்கு), 'டிஸ்பிளேபோர்ட்' (படத்துக்கு) என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் துளை தண்டர்போல்ட் 4 வகை என்றிருந்தால் படம் நிச்சயம் வரும்.

பழைய லேப்டாப் வாங்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசசர் வேண்டும். அதற்கு முந்தையது கைக்கு வந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுங்கள்.