ஒரு பாத்தியில் தொடங்கலாம்: மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான மாண்டிசோரி பண்ணைக் கல்வி

பண்ணைவழி மாண்டிசோரிக் கல்வி என்றவுடன் பலருக்கும் தொழுவமும் டிராக்டரும் ஐந்து ஏக்கர் நிலமும் நினைவுக்கு வருகின்றன. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அவ்வளவும் தேவையில்லை; பள்ளியின் பின்புறத்திலோ வீட்டுக் கொல்லையிலோ வெயில் படும் ஆறடி நீள இடமும், குழந்தை தானே மொண்டுகொள்ளக்கூடிய தண்ணீரும் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு நாள் பேருந்தில் அழைத்துச் சென்று, நாற்றைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துத் திரும்பும் ‘பண்ணை நாள்’ இந்தக் கல்விமுறையோடு சேராது. நாள்தோறும் குழந்தை தன் கையால் செய்யும் உண்மையான வேலையும், அந்த வேலையின் விளைவைச் செடியே காட்டுவதும்தான் இதன் அடிப்படை.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கல்விமுறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, பண்ணையில் தங்கி, உழைத்து, விளைந்ததை விற்று வாழும் பள்ளி ஒன்றை முன்மொழிந்தது பன்னிரண்டு வயதைக் கடந்த வளரிளம் பருவத்தினருக்காக. சிறு குழந்தைகளுக்கு அவர் சொன்னது வேறு: 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய அவர், 1909இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட தம் கல்வி நூலிலேயே தோட்ட வேலைக்கும் உயிரினங்களை வளர்ப்பதற்கும் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். தான் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும் என்று உணரும் குழந்தை, யாரும் ஏவாமலேயே முன்யோசனையும் பொறுமையும் பழகும் என்பது அதன் சாரம். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில் இயற்கையை மையமாகக் கொண்ட பாடங்களை மேலும் விரிவாக்கினார் என்பதால், இந்த முறை நம் மண்ணுக்குப் புதிதன்று.

முதற்படி: இடமும் பாத்தியும்

பாத்தியின் அகலம் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது. இரு புறமும் குந்தி அமரும் குழந்தையின் கை நடுப்பகுதியைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் அது பாத்திக்குள் கால் வைத்தே தீரும். பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி நடைபாதை விட்டு, ஓரத்தில் செங்கல் அடுக்குங்கள். மொட்டை மாடியாக இருந்தால் அகலமான வளர்ப்புப் பைகளில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய தொழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். கைப்பிடிச் சுவரின் உயரத்தைச் சரிபார்த்த பிறகே குழந்தைகளை மேலே அழைத்துச் செல்ல வேண்டும்.

கிணறு, தரைமட்டத் தொட்டி, மூடியில்லாத அண்டா ஆகியவற்றை அடைத்து முடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை அந்த இடத்தில் எங்கும் இருக்கக் கூடாது. குன்றிமணி பல்லாங்குழிக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் படி: கருவிகள்

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மண்வாரி காய்ந்த செம்மண்ணில் வளைந்துவிடும். குழந்தையோ தன்னால்தான் முடியவில்லை என்று எண்ணிக்கொள்ளும். கொல்லுப் பட்டறையில் சொன்னால் சிறிய களைக்கொத்தும் மண்வெட்டியும் அடித்துக் கொடுப்பார்கள். பிடியைக் குழந்தையின் விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பூவாளி ஒரு லிட்டருக்கு மேல் கொள்ள வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ எடை.

ஒவ்வொரு கருவியிலும் ஒன்றே ஒன்றை மட்டும் வையுங்கள். பத்துக் குழந்தைகளுக்குப் பத்துப் பூவாளி வாங்குவதே நமக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் ஒன்று மட்டும் இருக்கும்போதுதான் மற்றவர் வேலை முடியும்வரை காத்திருப்பதையும், முடித்ததும் கழுவி இருந்த இடத்தில் வைப்பதையும் குழந்தை பழகுகிறது. ஒரு பலகையில் கருவிகளின் உருவத்தைக் கோடாக வரைந்து, ஆணியடித்து அதில் மாட்டச் செய்தால், எது திரும்பி வரவில்லை என்பதை நீங்கள் சொல்லாமலேயே பலகை சொல்லிவிடும்.

மூன்றாம் படி: எதை, எப்போது விதைப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கும் பொருந்தும். ஜூனில் பள்ளி திறந்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் அழுகை அடங்குவதற்கும் ஆடி பிறப்பதற்கும் சரியாக இருக்கும். முதல் பருவத்துக்கு முளைக்கீரையும் வெண்டையும் போதும். கீரை சில நாள்களிலேயே முளைத்து ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வருவதால் சிறு குழந்தையின் பொறுமைக்குள் அடங்கும். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகுமாதலால் ஐந்து வயதுக்காரர்களுக்கு ஏற்றது. கீரை விதை கண்ணுக்கே அகப்படாத அளவு நுண்ணியது. மணலோடு கலந்து தூவக் கொடுத்தால் ஒரே இடத்தில் குவியாது.

விதை வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் பெரும்பாலும் பூஞ்சாணக் கொல்லி பூசப்பட்டது. அதைக் குழந்தையின் கையில் கொடுக்கவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகள் அருகில் இருந்தால் மொச்சை, பட்டாணி போன்றவற்றை உங்கள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். மூக்கில் நுழைத்துக்கொள்வது அந்த வயதின் வழக்கம்.

நான்காம் படி: செய்து காட்டுதல்

இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டால் கெடுவதும் இங்கேதான். பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குழந்தையை மட்டும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு தட்டில் ஐந்து வெண்டை விதைகள் உள்ள கிண்ணம், முப்பது சென்டிமீட்டரில் வெட்டிய குச்சி, கைத்துடைக்கும் துணி, செடியின் பெயர் எழுதிய பட்டை ஆகியவற்றை வைத்து, அந்தத் தட்டைக் குழந்தையையே சுமந்து வரச் செய்யுங்கள். எதிரே உட்காராமல், அதன் பக்கத்தில் உட்காருங்கள். அப்போதுதான் உங்கள் கை அசைவு அதற்குத் திரும்பித் தெரியாது.

குச்சியைப் பாத்தியில் கிடத்துங்கள். அதன் ஒரு முனையில் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் அழுத்தி எடுத்து, குழியைச் சற்று நேரம் பாருங்கள். ஒரு விதையை இரு விரல்களால் எடுத்துக் குழியில் விட்டு, மண்ணை மூடி, உள்ளங்கையால் ஒரு முறை மட்டும் மெல்லத் தட்டுங்கள். குச்சியின் மறுமுனையில் அடுத்த குழி. இவ்வளவையும் பேசாமல், வழக்கமான வேகத்தில் பாதியாகச் செய்ய வேண்டும். கை வேலை செய்யும்போது வாயும் பேசினால் குழந்தை உங்கள் முகத்தைத்தான் பார்க்கும், கையைப் பார்க்காது. இரண்டு விதைகள் ஊன்றியதும் “மீதியை நீ ஊன்றுகிறாயா?” என்று கேட்டு விலகிக்கொள்ளுங்கள். குழந்தை மூன்றையும் ஒரே குழியில் போட்டால் திருத்த வேண்டாம். மூன்று நாற்றுகள் நெருக்கியடித்து முளைக்கும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். களைந்து நடுவதை அன்றைக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

பெயர்களைக் கற்பிக்க மாண்டிசோரி வகுப்பின் மூன்று கட்டப் பாடத்தையே இங்கும் கையாளலாம். “இது வெண்டை விதை, இது கீரை விதை” என்று முதலில் பெயர் சொல்லுங்கள். பிறகு “வெண்டை விதை எதும்மா, எடுத்துக் காட்டு” என்று பலமுறை மாற்றி மாற்றிக் கேளுங்கள். அது தடுமாறாமல் எடுக்கும்போது மட்டும் “இது என்ன?” என்று கேளுங்கள். இரண்டாம் கட்டத்திலேயே தவறினால், சரியான விடையைச் சொல்லிக்கொடுக்காமல், பாடத்தை இனிதாக முடித்து இன்னொரு நாளுக்கு ஒத்திவைப்பதே நல்லது.

ஐந்தாம் படி: தண்ணீரும் காத்திருப்பும்

தோட்டத்துக்கென்று நாற்பது நிமிடப் பாடவேளை வைக்காதீர்கள். காலையில் வெயில் ஏறும்வரை வகுப்பின் கதவு தோட்டத்தை நோக்கித் திறந்திருக்க, விரும்பும் குழந்தை விரும்பும் நேரத்தில் போய்வர வேண்டும். இன்று தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதைக் குழந்தையே விரலை மண்ணில் விட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். முளைத்துவிட்டதா என்று பார்க்க நாற்றைப் பிடுங்கும் குழந்தையைக் கண்டித்துப் பயனில்லை. வேர் எப்படியிருக்கும் என்ற அதன் கேள்வி நியாயமானது. கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பச்சைப்பயறுகளைச் செருகி வைத்தால், ஓரிரு நாளில் வேர் கீழ்நோக்கி இறங்குவதைப் பிடுங்காமலேயே பார்க்கலாம்.

பெற்றோர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சட்டையில் சேறு படும். அந்தந்த வயதுக்குரிய தடுப்பூசிகள், குறிப்பாக ரணஜன்னிக்கானது (டெட்டனஸ்), போடப்பட்டுவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விளைந்ததை அளப்பது

வகுப்பறைக் கணிதம் இங்கே தானாக வந்து சேர்கிறது. பறித்த வெண்டையை நீள வரிசையில் அடுக்கலாம். முற்றலையும் பிஞ்சையும் பிரிக்கலாம். வீட்டுப் பரணில் பழைய அளவைப் பாத்திரங்கள் கிடந்தால் எடுத்து வாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரு மடங்கு. அரிசியை மொண்டு ஊற்றி, தலைதட்டி, இதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். விலை கொடுத்து வாங்கும் எந்தக் கற்றல் கருவிக்கும் இது குறைந்ததன்று. கீரையை ஆய்ந்து, அலசி, சமைப்பதுவரை குழந்தைகளின் பங்கு தொடரட்டும். அடுப்பு மட்டும் பெரியவர்களுடையது.

ஏழாம் படி: உயிரினங்கள்

ஒரு பருவமாவது தோட்டம் தொய்வின்றி நடந்த பிறகே கோழியைப் பற்றி யோசியுங்கள். இரண்டு மூன்று நாட்டுக்கோழிகள் போதும். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, முட்டை எடுப்பது ஆகியவற்றைத் தட்டில் வைத்த வேலைகளைப் போலவே ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அந்த வேலையின் கடைசிப் பகுதியாகவே இருக்கட்டும். அடை வைத்தால் இருபத்தொரு நாளை நாட்காட்டியில் குழந்தைகளே குறித்து வரலாம். சில முட்டைகள் பொரிக்காமல் போகும். அதை மறைத்து எடுத்து எறியாமல், கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். கோழியை வாங்குவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளிலும் மே மாத விடுமுறையிலும் யார் தீனி வைப்பார்கள் என்பதைப் பெயர் எழுதி முடிவு செய்துவிட வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.