கூரை போன வீடுகளைத் தேடி: வடக்கில் கைவிடப்பட்ட இடங்களைப் பார்க்கப் போவோருக்கு

யாழ்ப்பாணத்தில் ஆளில்லாத வளவுகள் நிறைய உண்டு. உரித்தாளர் இல்லாத வளவு ஒன்றுமில்லை. கூரை போய், ஆலமரம் சுவரைப் பிடித்து நிற்கிற வீட்டுக்கும் காணி உறுதி எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கும். உரித்தாளர் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருப்பார், அல்லது அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அவருடைய மாமி வளவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிநாடுகளில் பாழடைந்த தொழிற்சாலைகளுக்குள் வேலி பாய்ந்து போய்ப் படமெடுக்கிற பழக்கம் இளையோரிடம் பரவியிருக்கிறது. அதே முறையில் இங்கே இறங்கினால் சட்டச் சிக்கல் வரும், மனக்கசப்பு வரும், சில இடங்களில் காலே போகும். இங்கே ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதன் பெரும்பகுதி, ஆட்களிடம் கேட்பதுதான்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தேடலை விமானம் ஏறமுன்னரே தொடங்குங்கள். கணினியில் கூகுள் ஏர்த்தைத் திறந்து ஊரைக் கண்டுபிடித்து, பழைய ஆண்டுகளின் படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்துங்கள். கூரையில்லாத வீடு மேலிருந்து பார்க்கும்போது வெளிறிய கோடுகளாலான சதுரமாகத் தெரியும், உள்ளே கரும்பச்சை அடர்ந்திருக்கும். நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீடென்றால் சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கும். ஒரே இடத்தை நாலைந்து ஆண்டுகளில் பாருங்கள். அண்மைப் படத்தில் பற்றை குறைந்து புதுத் தகரம் தெரிந்தால் ஆட்கள் திரும்பிவிட்டார்கள், அது உங்களுக்கான இடமல்ல. பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். வீட்டு இலக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. எந்தக் கோயிலுக்குப் பக்கம், எந்தச் சந்தியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, வளவின் பெயர் என்ன என்று கேளுங்கள். உறுதியில் எழுதியிருக்கும் காணிப் பெயரைச் சொன்னால் ஊரில் வயதானவர்கள் நேரே அந்த வாசலுக்கே கூட்டிப்போய் விடுவார்கள்.

ஊருக்குப் போனதும் முதலில் சந்திக் கடை, அடுத்தது கிராம அலுவலர். யாழ் மாவட்டத்தின் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ‘ஜே’ என்று தொடங்கும் எண் உண்டு. அதைத் தெரிந்து வைத்திருந்தால் பிரதேச செயலகத்தில் வேலை சுருக்கமாக முடியும். கிராம அலுவலர் களத்துக்குப் போயிருக்கலாம் என்பதால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அயல்வீட்டில் கேட்கும்போது வாசலில் நின்றபடி, “ஐயா, இந்த வளவு ஆருடையது? உள்ளுக்குப் போய் ஒருக்காப் பார்க்கலாமோ?” என்று கேட்டால் போதும். அதற்கு முன் நீங்கள் ஆருடைய பிள்ளை, எந்த ஊர் என்ற கேள்வி வரும். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அனுமதி அதிலிருந்துதான் பிறக்கும். சிலர் வேண்டாம் என்பார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் ஒரே நாளில் வீட்டை விட்டு எழும்பியவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவர்களைப் படமெடுக்க வருபவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

முதல்தரம் போகிறவர்கள் திறந்த இடங்களில் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு ஏற்றது. போர்த்துக்கேயர் 1618இல் தொடங்கியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பின்னர் ஐங்கோண வடிவில் கட்டினார்கள். உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமானது; கற்குவியல் மட்டும் கிடக்கிறது. முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), சுண்ணாம்புச் சாந்து, செங்கல் மூன்றும் எப்படிப் பிரிந்து விழுகின்றன என்பதை ஆபத்தில்லாமல் இங்கே பார்த்துக்கொள்ளலாம். நல்லூரிலுள்ள மந்திரிமனை என்ற பழைய மாளிகையை வெளியே நின்று பாருங்கள், அது மிகவும் தளர்ந்த கட்டடம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோனது. பலருக்கு அதன் மேல்தான் கண். ஆனால் அது அரச காணி, துறைமுகமும் கடற்படையும் அருகில். வீதியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

நெடுந்தீவு ஒரு முழுநாள் வேலை. யாழ் நகரிலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்தில் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கியவுடனே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் இரவு அங்கேதான். முருகைக்கல் கோட்டையின் மேல்தளச் சுவர்கள் தனித்து நிற்கின்றன, அவற்றின் கீழ் இளைப்பாற உட்காராதீர்கள். மன்னார்ப் பக்கம் போனால் சிலாவத்துறைக்கு அருகே அரிப்பில் அல்லிராணி கோட்டை. பெயர்தான் கோட்டை. முத்துக்குளிப்பை மேற்பார்வையிட ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டிய மாளிகை அது. கரையைக் கடல் அரித்துக்கொண்டு வருவதால் கடற்பக்கச் சுவர் விழுந்துகொண்டிருக்கிறது. நிலப்பக்கமாக நின்று பாருங்கள், விளிம்பில் நின்று படமெடுக்க வேண்டாம்.

மிதிவெடியைப் பற்றிப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலான ஊர்களில் அகற்றிவிட்டார்கள். ஆனால் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கமும் முல்லைத்தீவு, மன்னார்க் காடுகளும் இன்னும் கவனம் வேண்டியவை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு அடித்த தடிகள், கட்டிய நாடா, இவற்றில் எதைக் கண்டாலும் அதற்கப்பால் கால் வைக்கக் கூடாது. பலகை இல்லையென்பதால் இடம் சுத்தமென்று அர்த்தமில்லை. வெள்ளம் வந்தால் வெடிபொருள் இடம் மாறும், பலகையும் விழும். ஆட்களும் மாடும் நடந்த தடத்திலேயே நடங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், கல்லெறியாமல், வந்த அடிகளிலேயே பின்வாங்கி, தூரத்தில் அடையாளம் வைத்து, 119 என்ற பொலிஸ் அவசர எண்ணுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

வெடியை விடவும் நாளாந்த ஆபத்து கிணறு. பழைய வளவின் பின்பக்கத்தில் கிணறு கட்டாயம் இருக்கும், அதன் கட்டு இடிந்து கொடி மூடியிருக்கும். தோட்டக் கிணறுகளுக்கு முதலிலிருந்தே கட்டு இல்லாமலும் இருக்கலாம். ஒன்றரை மீற்றர் தடியொன்றை முன்னே தட்டியபடி நடந்தால் கிணறும் தெரியும், பாம்பும் விலகும். மலசலகூடக் குழியின் மூடியும் அப்படியே: மேலே மண் படிந்து தரையைப் போலத் தோன்றும், ஏறினால் உடையும்.

கட்டடத்துக்குள் போகமுன் வெளியே ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். சுவர் வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா, கதவு நிலைக்கு மேலே சாய்வாக வெடிப்புப் போயிருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து மழை குடித்தால் மணலாக உதிரும், அதனால் மழை விட்ட மறுநாளே போக வேண்டாம். கூரையைத் தாங்கும் பனைமரத் தீராந்தி பார்வைக்குத் திடமாகத் தெரிந்தாலும் உள்ளே கறையான் தின்று கோறையாக்கியிருக்கும், தடியால் தட்டினால் ஓசையே சொல்லிவிடும். மாடிக்கு ஏறவே வேண்டாம். உப்புக்காற்றில் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பக்கத்தைப் பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. சுவரைப் பிடித்திருக்கும் ஆல வேரை வெட்டாதீர்கள். பல இடங்களில் சுவர் நிற்பதே அந்த வேரால்தான்.

உடுப்பு விடயத்தில் அழகு பார்க்காதீர்கள். கணுக்காலை மூடும் தடித்த அடியுள்ள சப்பாத்து, நீளக் காற்சட்டை, கையுறை, நெற்றியில் கட்டும் ரோச் லைற், கையில் இன்னொன்று. வௌவால் எச்சத் தூசிக்கு என்-95 முகக்கவசம்; உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டின் தூசிக்கு அது போதாது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டுப் பத்து வருடம் கடந்திருந்தால் வரமுன்னரே மீண்டும் போட்டுவிடுங்கள், துருப்பிடித்த ஆணி எல்லா வீட்டிலும் உண்டு. பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் கூடாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸை அழைத்து, நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தனியே போகாதீர்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

காலம் பார்த்தால் தை முதல் பங்குனி வரை நல்லது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. கோடை விடுமுறையில் வருபவர்களுக்குப் பற்றை காய்ந்து சுவர் தெளிவாகத் தெரியும், ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். காலை ஆறரைக்கு இறங்கிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அனுமதியின்றி இங்கே பறக்கவிட முடியாது. முகாம், காவலரண், படையினர் படத்தில் விழக்கூடாது. பழைய இடத்தில் கிடக்கும் நாணயமோ ஓடோ எடுத்துப் பையில் போடுவது தொல்பொருள் சட்டப்படி குற்றம். இடத்தின் வரைபடக் குறியோடு படத்தை இணையத்தில் போட்டால், மறுமாதம் அந்த வீட்டுக் கதவு நிலையும் யன்னல் கம்பியும் களவு போகலாம். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வளவின் மூலையில் மரத்தடியில் சூலமொன்று நட்டிருந்தால் அது வைரவர். வீடு பாழானாலும் விளக்கு வைக்க யாரோ வந்துபோவார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போங்கள். எடுத்த படங்களில் சுவர், கிணறு, எல்லைக் கல் தெரிகிறவற்றைத் திகதியோடு உரித்தாளருக்கு அனுப்பி வையுங்கள். காணிப் பிணக்கு வந்தால் அவருக்கு உதவும். வெளியே வந்ததும் படலையை முன்பு கட்டியிருந்தது போலவே கட்டிவிடுங்கள். திறந்து கிடந்தால் மாடு உள்ளே போய்விடும், கிணற்றுக்குக் கட்டும் இல்லை.