கிணற்றுக்கு மேலே தொங்கும் மாங்காய்: நிலையாற்றலைக் கணக்கிடுவது எப்படி?

எங்கள் தோட்டம் கிருஷ்ணகிரி பக்கம். கிணற்றோரம் ஒரு பெங்களூரா மாமரம், அதில் ஒரு கிளை கிணற்றுக்கு மேலேயே நீண்டிருக்கும். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு நிலையாற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்குள் இருக்கும் ஆற்றல், சொல்லித்தரப் போய், அந்தக் கிளையில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நிறை. சமையலறைத் தராசே போதும். எங்கள் காய் 500 கிராம். கிலோவுக்கு மாற்றினால் 0.5. மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்கு ஊதிவிடும்.

அடுத்து உயரம். போனில் உயரம் அளக்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. டேப்பை மேலே நீட்டினால் மடங்கி விழும். தொரட்டிக் கோலால் காயைத் தொட்டு, தரை மட்டத்தில் கோலைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே கிடத்தி அளந்தால் ஆச்சு. 4 மீட்டர் வந்தது.

நிலையாற்றல் = நிறை × 9.8 × உயரம். 9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்; விடை வருவது ஆற்றலின் அலகான ஜூலில். 0.5 × 9.8 × 4 = 19.6 ஜூல்.

"அப்பா, காய் கிணத்துல விழுந்தா?" என்றாள் மகள்.

தண்ணீர் தரைக்குக் கீழே 11 மீட்டரில் கிடந்தது. அப்படியானால் உயரம் 15 மீட்டர், ஆற்றல் 73.5 ஜூல். ஒரே காய்க்கு இரண்டு விடையா? அரை மணி நேரம் குழம்பினேன்.

இரண்டுமே சரிதான். எந்த மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று வைப்பது நம் இஷ்டம். ஒரு கணக்குக்குள் அதை மாற்றக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால், தரையில் கிடக்கும் காய்க்கே 53.9 ஜூல் உண்டு. 73.5-இல் அதைக் கழித்துப் பாருங்கள்: மறுபடியும் 19.6. மரத்திலிருந்து தரைக்கு விழும்போது வெளிப்படுவது, எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த 19.6 ஜூல்தான்.

இதே கிணற்றிலிருந்து 18 மீட்டர் மேலே இருக்கும் மாடித் தொட்டிக்கு 1000 லிட்டர் ஏற்றினால் 1,76,400 ஜூல். பெரிதாகத் தெரிகிறதா? ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது 0.05 யூனிட்கூட இல்லை. மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதால் மீட்டர் இதைவிடக் கூடுதலாகவே ஓடும்.

பின்சேர்க்கை: சாய்வாக இறங்கினால் பாதையின் நீளத்தைப் போட வேண்டுமா என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், செங்குத்து உயரம் மட்டும்தான். தொப்பூர் கணவாயில் சாலை எவ்வளவு வளைந்தாலும் சரி, 30 டன் லாரி ஒன்று ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் 2.94 கோடி ஜூல் எங்காவது போயாக வேண்டும். லோ கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.